டெய்லர் காலில் கேட்ட டிக் டிக்

டெய்லருக்குச் சர்க்கரை முற்றி, ஒரு காலையே எடுத்துவிட்டார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. நடந்த கதையே வேறு.

பாதம் மரத்துப்போனதால் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். வீட்டில் ஒழுங்காகக் கேட்ட மனுஷன், கடையில் மட்டும் வெறுங்காலால்தான் மிஷினை மிதிப்பார். அன்று மிதிக்கும்போதெல்லாம் 'டிக் டிக்' என்று சத்தம். எண்ணெய் விட்டும் நிற்கவில்லை.

"மிஷின விடுங்க, உங்க கால காட்டுங்க," என்றாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி. பார்த்தால், உள்ளங்காலில் முழுக் குண்டூசி ஏறியிருக்கிறது! அதன் தலைதான் இரும்பு மிதியில் தட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை.

நர்ஸ் அதைப் பிடுங்கி மருந்து வைத்து, "நல்லவேளை, சீழ் பிடிக்கல," என்ற பிறகுதான் இருவருக்கும் மூச்சே வந்தது.

மறுநாள் ஷூ போட்டு மிதித்துக்கொண்டிருந்தவரிடம் பக்கத்துக் கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"யோவ், அழுகைய நிறுத்து. எடுத்தது கால இல்ல, குண்டூசிய!"