அசனத்தில் சுகிர்தத்தின் அரிசி

போடிக்கு மேற்கே, காக்காப்பொன் என்னும் மைக்கா எடுக்கும் சுரங்கத்துக் கொட்டகையில் தகடு பிரிப்பவள் சுகிர்தம். எவ்வளவு கழுவினாலும் அவள் விரல்கள் மினுங்கும். கணவன் சுரங்கத்துக்குள் மண் சரிந்து இறந்தான். அதற்குப் பிறகும் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேதக்கோயிலுக்கென்று வீட்டில் வைத்த கலயத்தில் போட்டாள். சபைப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். அந்த அரிசியை விற்றுத்தான் கோயிலுக்குச் சுவர் எழுந்தது.

கூரை போட்டவர் சுரங்க முதலாளி ஞானாபரணம். இரண்டு பள்ளிக்கூடமும் ஓர் அநாதை விடுதியும் ஏற்கெனவே கட்டிக் கொடுத்தவர். வாசல் கல்லில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

1936இல் பிரதிஷ்டை. சபையார் சேர்ந்து உண்ணும் அசனத்துக்கு ஒவ்வொரு வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில் விழ வேண்டும். இந்த முறை மூட்டைகள் முதலாளி வீட்டிலிருந்தே வந்துவிட்டன.

சுகிர்தம் கலயத்தோடு வந்தாள். உபதேசியார் ஏசுதாசன் அண்டாவை மறைத்து நின்றார்.

“வேண்டாம்மா. எல்லாம் முதலாளியே குடுத்துட்டாக.”

“அப்ப இது அசனம் இல்லை. சத்திரத்துச் சோறு.”

“மெதுவாப் பேசு. அங்கன உக்காந்திருக்காக.”

“கேக்கட்டும். அநாதப் பிள்ளைகளுக்குச் சோறு போடுறாக, சரி. நான் அநாதை இல்லை.”

ஞானாபரணம் சிரித்தார். “போடட்டும் உபதேசியாரே. பாவம்.”

சாயப்போன கலயம் நின்றது.

“பாவம்னா போட மாட்டேன்.”

சுவருக்கு வெளியே போய் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினாள். அவளோடு தகடு பிரிக்கும் பூமாரி ஓடி வந்தாள்.

“அடியே, நாளைக்கு வேலைக்குப் போக வேணாமா?”

“நீ விறகு கொண்டா.”

பூமாரி விறகோடு தன் கலயத்தையும் கொண்டுவந்தாள். இரண்டு கலயத்து அரிசியும் ஒன்றாக வெந்தது.

பந்தி உட்கார்ந்தது. முதலாளியின் இலையில் கறிக்குழம்பு ஊற்றியிருந்தார்கள். சுகிர்தம் ஓர் அகப்பைச் சோற்றை ஓரத்தில் வைத்தாள்.

“எங்க சோறு ஐயா. சுவரு எழுப்புன அரிசி.”

அசனத்தில் இலையில் விழுந்ததை ஒதுக்கக் கூடாது. பந்தி முழுவதும் அவர் கையைப் பார்த்தது. அவர் முதலில் குழம்புச் சோற்றைத் தின்றார். பிறகு தண்ணீர் குடித்தார். அவள் நகரவில்லை. கடைசியில் ஓரத்துச் சோற்றையும் பிசைந்தார். இலை காலியாகும்வரை நின்றாள்.

மறுநாள் கொட்டகையில் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள்.

அன்று சாயங்காலமும் உலை வைத்தாள். அரிசி கொஞ்சம்தான் இருந்தது. முதல் பிடி கலயத்துக்குப் போனது.