டெம்பரரி வீட்டுக்குச் சாமி வராது

ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. எங்கள் றப்பர் தோட்டத்துக்கு வந்து கால்நீட்டி உட்கார்ந்துகொண்டது 'டெம்பரரி' என்ற ஒன்றுதான். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓடைக்கு மேல் இரண்டு றப்பர் மரங்களைப் போட்டுக் கட்டியது டெம்பரரி பாலம். நான் அதில் நடந்துதான் படித்து முடித்தேன். இப்போது என் அண்ணன் பிள்ளைகள் நடக்கிறார்கள். தெஹியோவிட்ட கடைவீதியில் நான் வேலை செய்யும் புடவைக்கடையில் என்னைச் சேர்க்கும்போது முதலாளி, "டெம்பரரியா வாங்க, பார்ப்போம்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். எங்கள் அம்மா வாயில் இந்தச் சொல்லுக்கு 'பொறுத்துக்கொள்' என்று அர்த்தம். கூரை ஒழுகுகிறது என்றால், "டெம்பரரி தானே புள்ள, விடு" என்பாள். தோட்ட ஆபீஸ் ஐயா சொன்னால், 'இனி என்னிடம் வந்து கேட்காதே' என்று அர்த்தம். அகராதியில் 'சிறிது காலத்துக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறது. எழுதியவர் எங்கள் பக்கம் வந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

நாங்கள் குடியிருப்பதே டெம்பரரி இடத்தில்தான். ஒரு பெருமழையில், நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவு வெடித்தது. பின்சுவரில் கை நுழையும் அளவுக்குப் பிளவு. அதிகாரிகள் வந்து பார்த்து, இனி இங்கே ஒருவரும் இருக்கக் கூடாது என்று சொல்லி, நான்கு குடும்பங்களைக் கீழே பழைய பிள்ளைக்காம்பராவில் கொண்டுவந்து விட்டார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போவதற்காக எந்தக் காலத்திலோ கட்டிய ஒற்றை மண்டபம் அது. நடுவே நீலத் தார்ப்பாய்ப் படங்கைக் கயிற்றில் தொங்கவிட்டால் அது சுவர். "தாவகாலிகய்" என்றார் ஐயா சிங்களத்தில். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "டெம்பரரி, டெம்பரரி" என்று மறுபடியும் சொன்னார். வீடு கட்டிக் கொடுக்கும் வரைக்குமாம். அன்று கைக்குழந்தையாக வந்தவன் இப்போது புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான்.

கட்டில் வந்தது, அலுமாரி வந்தது, அம்மியைக்கூட உருட்டிக்கொண்டு வந்தோம். சாமி மட்டும் வரவில்லை.

சாமி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு முருகன் படம், ஒரு மாரியம்மன் படம், ஒரு பித்தளை விளக்கு. எங்கள் லயத்துக் காம்பராவின் பின்சுவரில் பலகை அடித்து வைத்திருந்தோம். அதை அப்பா எடுக்க விடவில்லை. "புது வீட்டுக்குள்ள மொதல்ல சாமிதான் போகணும். பால் காச்சணும். இது டெம்பரரி. இதுல எப்படிம்மா சாமிய வைக்கிறது?" என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த ஆளில்லாத லயத்துக்கு ஏறிப்போய் விளக்கேற்றிவிட்டு வருவார்.

அப்பாவுக்கு றப்பர் பால் வெட்டும் வேலை. மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. ஆக, சரிவு எந்த நாளில் ஆபத்தோ அந்த நாளில்தான் இவருக்கு ஓய்வு. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் திரும்பி வரும்வரை அம்மா வாசலில் நின்றுகொண்டிருப்பாள். நான் சண்டை போட்டிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன், குடையை ஒளித்து வைத்திருக்கிறேன். குடை இல்லாமல் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். இப்படி ஒரு பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பாதையில் வெள்ளம் ஏறி பஸ் ஓடவில்லை, நானும் கடைக்குப் போகவில்லை. மலையிலிருந்து வருகிற தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. அது மண் அசைகிற அறிகுறி என்று இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அப்பாவைக் காணோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக்கூட மாட்டாமல் ஏறினேன்.

அவர் விளக்கேற்றிவிட்டு, வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்சுவர் பிளவு வழியாகத் தண்ணீர் உள்ளே வழிந்துகொண்டிருந்தது.

"எந்திரிங்கப்பா. மண்ணு சரிஞ்சா முருகன் ஒங்களத் தூக்கிக்கிட்டு ஓடுவாரா?"

"கத்தாத புள்ள, சாமி முன்னுக்கு."

"நாங்க மட்டும் டெம்பரரியா இருக்கலாம், சாமி இருக்கக்கூடாதோ?"

அவர் என்னைப் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இது இங்க இருக்குற வரைக்குந்தான் நமக்கு இன்னும் வீடு வரலன்னு அர்த்தம். அங்க கொண்டுபோயி வெளக்கேத்திட்டா, அதுதான் வீடுன்னு நாமளே ஒத்துக்கிட்டதாயிரும். அப்புறம் எந்த வாயால வீடு கேக்குறது?"

இவ்வளவு நாளும் இது பக்தி என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாதாமாதம் ஆபீஸுக்கு நடந்து, வாசலில் கைகட்டி நின்று வீடு கேட்கிற மனிதர், தன் பக்கத்து நியாயத்தை இந்தப் பலகையில் வைத்திருக்கிறார். ஐயோ என்று இருந்தது. அதற்காக அவரை அங்கே விட்டுவிட்டு வர முடியுமா? விளக்கை அணைத்தேன். இரண்டு படங்களையும் கழற்றி, விளக்கோடு சேர்த்துச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினேன். சாமி போய்விட்டால் அவருக்கு அங்கே என்ன வேலை? பின்னாலேயே வந்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். பின்சுவர் பலகையோடு சேர்ந்து மண்ணுக்குள் போயிருந்தது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரமே ஆபீஸ் ஐயா வந்தார், மழைக்குப் பிறகு எப்படி இருக்கிறோம் என்று பார்க்கவாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் படங்குச் சுவரைப் பார்த்தார், தகரக் கூரையைப் பார்த்தார். மூலையில் படங்களுக்கு முன்னால் அம்மா ஏற்றி வைத்திருந்த விளக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆ, தெவியோத் எவில்லா நே! தென் ஹரி" என்றார். சாமியும் வந்துவிட்டதே, இனிச் சரிதான் என்று அர்த்தம். கூட வந்தவரிடம், இவர்கள் இங்கே நன்றாகச் செட்டில் ஆகிவிட்டார்கள், வீடு விஷயத்தில் மேல்தோட்டத்து ஆட்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்றும் சிங்களத்தில் சொன்னார். எங்கள் வீட்டில் சிங்களம் தெரியாதவர் யாரும் இல்லை. அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் அவர் ஆபீஸுக்குப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. பொறுக்க முடியாமல் கேட்டேன்: "ஏம்ப்பா, வீடு கேக்கப் போகலையா?"

"சாமியே வந்துருச்சே புள்ள" என்றார்.