கேள்விக்குறி விழாத பிழை

அருப்புக்கோட்டையில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் தங்கலட்சுமி அன்று காலையிலிருந்தே கணினியை விட்டு எழவில்லை. நரிக்குடிக் கண்மாய்களைப் பற்றி மதன்குமார் எழுதிய ஆய்வேடு நாலு மணிக்குள் மதுரையில் இருக்க வேண்டும். அதில் எடுத்துக்காட்டிய ஒவ்வொரு நூலுக்கும் கணினியில் ஒரு குறிச்சொல் உண்டு. நூற்பட்டியலை ஒழுங்குபடுத்த நினைத்து அவள் ஒரு பொத்தானை அழுத்தியதில் பட்டியலின் குறிச்சொற்கள் எல்லாம் மாறிவிட்டன. ஆய்வேட்டுக்குள் பழையவையே இருந்ததால், நூல் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி விழுந்தது.

"ஒன்றரை பஸ்ஸ விட்டா அவ்வளவுதான்க்கா" என்றான் பக்கத்தில் காத்திருந்த மதன்குமார்.

பட்டியலில் பழைய குறிச்சொற்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டாள். ஒரு மணிக்குக் கடைசிக் கேள்விக்குறியும் மறைந்தது. அச்சிடப் போனவளுக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் எழுதிய இரண்டு கட்டுரைகளுக்கு எந்தச் சொல் எதற்கு என்று தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டிருந்தாள். இரண்டு சொல்லுமே பட்டியலில் இருப்பதால், மாறியிருந்தாலும் கேள்விக்குறி விழாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"தம்பி, இந்த ரெண்டையும் நான் மாத்திப் போட்ருப்பேனோன்னு இருக்கு. நீங்க ஒரு தடவ பாருங்க."

அவன் முகம் இறுகியது. நாற்காலியை இழுத்துப்போட்டு வாசித்தான்.

"மாறித்தாங்க்கா இருக்கு."

திருத்தி அச்சிட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போன லாரி ஒன்றில் ஏறிப் போனவன், நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் செய்தான்.

"குடுத்துட்டேன்க்கா."

தங்கலட்சுமி அதன்பிறகுதான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள்.