கரண்டி சுற்றும் இடம்

செங் பகுதியில் தான் ஓட்டிய கார் மோதிய விபத்தைச் சொல்லிக்கொண்டிருந்த மகன், ஓரிடத்தில் நிறுத்திவிட்டு கோப்பையிலிருந்த மைலோவைக் கரண்டியால் கலக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே கலக்கிய மைலோ. அந்தச் சத்தம் என்னைச் சிறுவயதில் நான் வளர்ந்த காஜா பேராங் வீட்டுக்கு இழுத்துப்போனது.

வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, அரிசியை ஊருக்கு வெளியே கொண்டுபோகத் தடை. அப்பாவும் பக்கத்து வீட்டு மணியம் மாமாவும் சைக்கிளில் போனார்கள். அப்பாவின் சைக்கிளில் நானும் இருந்தேன். சோதனைச் சாவடியில் அரிசிப் பை பிடிபட்டது. மாமாவைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை.

மாமாவின் மனைவி அடிக்கடி வருவார். "அண்ணே, அன்னிக்கு நடந்தத இன்னொரு தடவ சொல்லுங்க."

அப்பா ஒரு வார்த்தை மாறாமல் சொல்வார். வெயில், சிப்பாய், குரைத்த நாய். "யாரோட பைன்னு கேட்டான்..." என்றதும் தேநீரைக் கலக்குவார். பிறகு, "இழுத்துட்டுப் போய்ட்டான். நான் என்னா செய்ய முடியும்?"

"நீங்க கூட இருந்தீங்களே, அதுவே ஆறுதல்ண்ணே."

பை எங்களுடையது. கதையில் கரண்டி சுற்றும் அந்த இடத்தில்தான் அப்பா மாமாவைக் கைகாட்டியிருந்தார்.

ஒருநாள் அத்தை என்னிடம் திரும்பினார். "நீயும் பாத்தல்ல பாப்பா, அப்பா சொல்றது மாதிரிதானே?"

தலையாட்டினேன்.

மகனின் கரண்டி நின்றது. "என் மேல தப்பில்லதானேம்மா?"

பழகிய தலை. ஆடிவிட்டது.