அம்மா ஒரே ஒரு தரம் சொன்ன பெயர்

ஃபினாயில் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் தயிர்சாதம்தான் ஞாபகம் வரும்... சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். எனக்கு ஒன்பது வயது. தம்பி பிறந்து பதினோராம் நாளே போய்விட்டான். அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. காலித் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் கிணற்றுச் சுவரில் ஏறி நின்றுவிட்டாள்.

மாஜிஸ்திரேட் உத்தரவோடு மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். (எங்கள் வலியசாலைத் தெரு அதற்கு வைத்திருந்த பெயர் வேறு. அதை எழுத மாட்டேன்.)

ஞாயிறுதோறும் அப்பாவும் நானும் வாழையிலையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு நடந்தே போவோம். வீட்டில் நாலு பேர் முன்னால் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷர்... அங்கே ஃபினாயில் நெடியில் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவார். பின்னல் படு கோணலாக இருக்கும்!

ஆறேழு மாதத்தில் அம்மா தெளிந்துவிட்டாள். ஆனால் வீட்டுக்கு விடவில்லை. ஏன் என்று வார்டு ஆயாதான் மலையாளம் கலந்த தமிழில் அப்பாவிடம் சொன்னாள்.

"சாமி, டாக்டர் சோதிச்சதுக்கு எல்லாம் சரியா பறஞ்சாங்க. கிழமை, மகாராஜா பேரு எல்லாம். புருஷன் பேரு கேட்டப்போ மட்டும் மிண்டவே இல்ல, வாயே திறக்கல. ஓர்மை வரலைன்னு எழுதிட்டாரு. இது ரெண்டாம் தடவை."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை என்று டாக்டரிடம் போய் விளக்கினார். சீமையில் படித்து வந்தவர் அவர். "அவங்க வாயால வரட்டும்" என்றுவிட்டார்.

"சொல்லிடேன்டி. வெறும் பேர்தானே" என்று அப்பா அம்மாவிடம் கெஞ்சினார்.

"ஏன்னா, குழந்தைதான் போயிட்டான். உங்க ஆயுசையும் நானே குறைக்கணுமா?"

அப்பா அவள் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தார். அப்புறம், "நீ இல்லாத ஆத்துல அந்த ஆயுசை வச்சுண்டு நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

அடுத்த சோதனையில் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாளாம்.

ஜட்கா வண்டியில் வீட்டுக்கு வந்தோம். வழி முழுக்க அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்... மூச்சு வருகிறதா என்று!

அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் நடந்தபோது, "மாமி, இப்பவாவது மாமா பேரைச் சொல்லுங்கோ" என்று எல்லோரும் சீண்டினார்கள். "ஒரு தரம் சொல்லியாச்சு. அவருக்குத் தெரியும்," என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது என் பேத்தி தன் புருஷனை ஊர் கேட்கப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மனசு சரியில்லை, கவுன்சலிங் போகிறேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டே லீவு போடுகிறாள். யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

நேற்று அவள் கேட்டாள், "உங்கப்பா பேர் என்ன பாட்டி?"

"அனந்தநாராயணன்," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன்... நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.