வெள்ளை ரவிக்கைத் துணி

எங்கள் பௌத்தக் கல்யாணங்களில் மணப்பெண் வெள்ளைதான் உடுத்துவாள். அக்காவின் ரவிக்கையை நானே தைப்பதாகச் சொல்லியிருந்தேன். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே நாள். பாலியஸ்டர் கலந்த துணி பட்டால் அவளுக்குத் தோல் தடித்துவிடும். அதனால் என் பட்டியலில் சுத்தப் பருத்தி முதலில், நிறம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து அம்மாவும் நானும் துணிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் பளீரென்ற ஒரு வெள்ளையை விரித்தார்.

"நூத்துக்கு நூறு காட்டன்மா."

அம்மா சரியென்றுவிட்டாள். நான் ஓரத்தில் ஒரு நூலை உருவி, வாசலுக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சியால் கொளுத்தினேன். சுருங்கிக் கறுப்பு மணியாக இறுகியது. பருத்தி என்றால் சாம்பலாகும்.

"இன்னாம்மா, துணி வாங்க வந்தியா, கொளுத்த வந்தியா?" என்றார் அவர்.

"அந்தப் பழுப்பு வெள்ளையில ஒரு நூல் குடுங்க."

அது சாம்பலாக உதிர்ந்தது. கடையில் வேறு வெள்ளை இல்லை.

"இவ்ளோ மங்கலா இருக்குதே. சொந்தக்காரங்க இன்னா சொல்லுவாங்க?" என்றாள் அம்மா.

அக்காவுக்குப் போன் செய்து, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடையில சொறிஞ்சிக்கினு உக்கார்றதுக்கு மங்கலே மேல். வாங்கினு வா," என்றாள்.

ஒரு மீட்டர் கிழிக்கச் சொன்னேன்.