எட்டாம் நாள் ஏறிய சினைக்கெண்டை

கிருபாவதிக்கு அந்தத் தமுக்குச் சத்தம் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். விஜயபுரத்துக்குப் பக்கத்து ஏரியில், மழைத் தண்ணீர் வரத்துக் கால்வாயில் இறங்க, அதை எதிர்த்து முதல் மீன் ஏறியதும் மீனவர் சங்கத்தார் தமுக்கு அடித்துவிடுவார்கள். ஏழு நாள் கால்வாயில் யாரும் வலை போடக்கூடாது, மீன் முட்டையிடட்டும். கேட்க நல்ல ஏற்பாடுதான். முதலில் ஏறுவதெல்லாம் ஆண் மீன், பெண் மீன் பிறகுதான் வரும் என்பது மட்டும் யார் காதிலும் ஏறவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக மீன்குஞ்சுப் பண்ணையில் ஒப்பந்த வேலை அவளுக்கு. வயிற்றை விரலால் நீவினால் வெள்ளையாகப் பால் வருவது ஆண், முட்டை உதிர்வது பெண். அந்தக் கவிச்சி எந்த சோப்புக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்துக்கு மண்டியிடும்போது பக்கத்து வீட்டு ஜெமிமா ஒரு சாண் தள்ளித்தான் மண்டியிடுவாள். அதற்குக்கூட கிருபாவதி பழகிவிட்டாள். மூன்று வருஷமாக ஏரியில் குஞ்சே தட்டுப்படாததற்குத்தான் பழக முடியவில்லை.

இந்த வருஷமும் முழங்கால் தண்ணீரில் நின்று தினமும் நீவிப் பார்த்தாள். ஏழாம் நாள் சாயங்காலம் வரை ஒரு பெண்கூட இல்லை. நேராகச் சங்கத் தலைவர் சிட்டிபாபு வீட்டுக்குப் போனாள்.

"மாப்பிள்ளைங்க எல்லாம் வந்து பந்தல்ல உட்கார்ந்துகினு இருக்காங்க. பொண்ணு இன்னும் வரல. நாலு நாள் பொறு சிட்டிபாபு."

"பொண்ணு பவுடர் போட்டுக்கினு லேட்டா வந்தா நாங்க பட்டினி கெடக்கணுமா, அக்கா? ஏழு நாள்னா ஏழு நாள்."

"பொண்ணு வர்ற அன்னிக்கு வலைய போட்டுட்டு, அப்புறம் ஏரியில மீன் இல்ல, மீன் இல்லன்னு என்னாண்ட அழுவாத."

அங்கேயே நின்று மீன்வளத்துறை அதிகாரிக்கு போன் போட்டாள். "ஏடு ரோஜுலே அம்மா. ஆர்டர்ல ஏழு நாள்னுதானே இருக்கு," என்றார் அவர், தெலுங்கும் தமிழும் கலந்து. போன வருஷமும் இதே பேச்சு. மனு எழுதித் தரச் சொன்னார். போன வருஷம் எழுதித் தந்த மனு என்ன ஆச்சு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் விடிகாலை நல்ல மழை. கால்வாயில் செந்தண்ணீர் புரண்டு வந்தது. கிருபாவதி குடையை விரிக்கக்கூட நேரமில்லாமல் ஓடினாள். வலை ஏற்கெனவே குறுக்கே கட்டியிருந்தது. கூடையில் கெண்டைகள் வயிறு புடைத்துத் துள்ளிக்கொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கி நீவினாள். விரலிடுக்கில் முட்டை வழிந்தது.

"பாத்தியா? இன்னிக்குத்தான் வந்திருக்கு!"

"அதான் ருசி, அக்கா. சினையோட துன்னா எப்படி இருக்கும்!" என்று சிரித்தார் சிட்டிபாபு.

அவள் பக்கத்தில் கிடந்த பேசினைத் துடைத்து முட்டை அத்தனையையும் அதில் பிதுக்கினாள். வலையிலிருந்து ஓர் ஆண் மீனை உருவி மேலே பாலை நீவி, விரலால் கலக்கினாள். கொஞ்சம் தண்ணீர் விட்டு, கரையோரப் புல்லுக்கு நடுவே மெல்லச் சாய்த்தாள்.

"இன்னாக்கா, கல்யாணத்த நீயே நடத்தி வைக்கிறியா?"

அவள் இரண்டாவது மீனுக்குக் கை நீட்டினாள். சிட்டிபாபு கூடையைத் தூக்கி பைக்கில் வைத்தார். நகரி சந்தைக்கு நேரமாகிறதாம்.

"அடுத்த வருஷம் நான் பொண்ண பாத்த அப்புறம்தான் தமுக்கு! கேக்குதா?"

பைக் சத்தத்தில் அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒட்டியிருந்த முட்டைகளோடு கையை நீட்டியபடியே நின்றாள் கிருபாவதி. கூடையில் போன சினைமீன் நாற்பதுக்குக் குறையாது.